கூர்மைக்கு முன்னால் பிடி

வலது கைக்காரர் சரசரவென்று துணி வெட்டிக்கொண்டிருந்த கத்தரியை இடது கைப் பழக்கம் உள்ள ஒருவர் வாங்கி வெட்டிப் பார்க்கட்டும். துணி வெட்டுப்படாது. இரண்டு அலகுகளுக்கும் நடுவே மடிந்து சிக்கிக்கொள்ளும். கத்தரியின் கூர் மழுங்கவில்லை, துணியும் மாறவில்லை. கை மாறியதும் கத்தரி ஏன் வேலை செய்ய மறுக்கிறது?

விடை பெருவிரலில் இருக்கிறது. கத்தரியை மூடும்போது பெருவிரல் தன் வளையத்தை நேராகக் கீழே அழுத்துவதில்லை. அழுத்தும்போதே சற்று வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. மற்ற விரல்கள் தங்கள் வளையத்தை உள்ளங்கையை நோக்கி இழுக்கின்றன. நாம் கவனிக்காத இந்தப் பக்கவாட்டு விசைதான் இரண்டு அலகுகளையும் ஒன்றோடொன்று நெருக்கி உரசவைத்து வெட்டுகிறது. சாதாரணக் கத்தரி வலது கையின் தள்ளலுக்கு ஏற்ப அடுக்கப்பட்டது. இடது கைக்குப் போனதும் அதே தள்ளல் எதிர்த்திசையில் வேலை செய்து அலகுகளைப் பிரித்துவிடுகிறது. இடைவெளியில் துணி நுழைந்துகொள்கிறது. போதாக்குறைக்கு, வெட்டவேண்டிய கோட்டை மேல் அலகு மறைத்துவிடும்.

தையல்காரருக்கு இது எரிச்சல். அறுவை மருத்துவருக்கு விஷயம் பெரிது. ரத்தம் பீறிடும் குழாயைக் கவ்விப் பிடிக்கிற ஆர்ட்டரி ஃபோர்செப்ஸின் வளையங்களுக்கு அருகே சிறு சிறு பற்கள் கொண்ட பூட்டு உண்டு. ரேச்செட் என்பார்கள். மூடினால் பல்லோடு பல் மாட்டிக்கொண்டு கருவி தானாகவே பிடித்து நிற்கும். விடுவிக்க, பெருவிரல் ஒரு வளையத்தைத் தள்ள, மோதிர விரல் மற்றதை இழுக்க வேண்டும். வலது கைக்கு இது இயல்பாக வரும். இடது கையின் இயல்பான அசைவோ பற்களை இன்னும் இறுக்கிவிடும். அதனால் இடது கையால் பூட்டைத் திறக்கும் வித்தையை அறுவை மருத்துவர்கள் தனியாகப் பழக வேண்டியிருக்கிறது. பத்தில் ஒருவர் இடது கைப் பழக்கம் உள்ளவராகப் பிறக்கும் உலகில், கருவி தன்னைப் பிடிக்கும் கையைப் பற்றி ஒரு முன்முடிவோடுதான் பட்டறையிலிருந்து வெளியே வருகிறது.

கருவியையும் வேலையிடத்தையும் மனித உடலுக்கு ஏற்ப அமைக்கும் துறைக்குத் தமிழில் பணிச்சூழலியல் என்று பெயர். ஆங்கிலத்தில் எர்கோனாமிக்ஸ். கையில் பிடிக்கும் அறுவைக் கருவிகளில் இந்தத் துறை என்ன கண்டுபிடித்திருக்கிறது, அதை நம் நாட்டில் எங்கே பயன்படுத்தலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். அதற்கு வங்காளத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

சாந்த்ராகாச்சி என்ற பெயரை நம்மில் பலர் ரயில் பெட்டியின் பலகையில்தான் படித்திருப்போம். ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், ஹவுரா மாவட்டத்தில், பனிக்காலத்தில் வலசைப் பறவைகள் வந்திறங்கும் ஏரியை ஒட்டிய ரயில் சந்திப்பு அது. அங்கிருந்து சென்னைக்கும் மங்களூருக்கும் வண்டிகள் வருகின்றன. அந்தத் தடத்தில் வரும் வங்காளிகளில் கணிசமானோர் காட்பாடியில் இறங்கி வேலூர் சி.எம்.சி.க்குப் போகிறவர்கள், மடியில் எக்ஸ்ரே உறையும் பழைய மருந்துச் சீட்டுகளும் வைத்திருப்பார்கள். சாந்த்ராகாச்சியிலிருந்து சில கிலோமீட்டரில் ஷிப்பூர். 1856இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி இன்று தேசியக் கல்வி நிலையமாக அங்கே இருக்கிறது. சுற்றிலும் ஹவுராவின் இரும்பு வார்ப்புப் பட்டறைகள். வித்யாசாகர் பாலத்தைத் தாண்டினால் கொல்கத்தாவின் பெரிய மருத்துவமனைகள். நகரத்துக்குத் தெற்கே, சியால்டாவிலிருந்து மின்ரயிலில் போனால், கொய்யாவுக்கும் லிச்சிக்கும் பேர்போன பாருய்ப்பூர். அந்த ஊரிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் அறுவைக் கருவி செய்யும் சிறு பட்டறைகள் இருக்கின்றன. கொல்லர் தொழிலிலிருந்து கிளைத்த கைத்திறன் அது. கருவி செய்பவர், அதன் விசைகளைக் கணக்கிடத் தெரிந்தவர், அதைப் பிடிப்பவர், அது தொடப்போகும் உடம்புக்குரியவர் என எல்லோரும் ஒரே வட்டாரத்தில் வாழ்கிறார்கள். ஆனால் இவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது குறைவு.

ஒரு ஆர்ட்டரி ஃபோர்செப்ஸைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். கருவியின் இரண்டு கைகளும் குறுக்கிடும் இடத்தில், ஒரு கையின் நடுவே துளைத்த சதுரப் பொந்துக்குள் மற்றக் கை நுழைந்து போகும். பெட்டி மூட்டு என்று சொல்லலாம். கத்தரியைப் போல ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தால் நாளடைவில் அலகு பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். பெட்டி மூட்டு ஆடவிடாது. காய்ச்சி அடித்த எஃகுத் துண்டில் அந்தப் பொந்தைத் திறந்து, மற்றக் கையை உள்ளே செலுத்தி, மீண்டும் நெருக்கி, ஆணி அடித்து, அரத்தால் ராவி, நுனிப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும்வரை திருத்துவது பொறுமையைக் கேட்கிற வேலை. கடினமாக்க ஏற்ற துருப்பிடிக்காத எஃகையே இதற்கு எடுப்பார்கள். மேற்பரப்பைப் பளபளப்பாக விடாமல் மங்கலாக்குவதற்கும் காரணம் உண்டு: அறுவை அரங்கின் விளக்கு அதில் பட்டு மருத்துவரின் கண்ணைக் கூசவைக்கக் கூடாது. வளையங்கள் பொன்னிறமாக இருந்தால், நுனியில் டங்ஸ்டன் கார்பைடு பதித்திருக்கிறார்கள் என்று அடையாளம். நுனிக்கு இவ்வளவு கவனம். அதே கருவியின் மறுமுனையில் இருக்கும் வளையத்தின் உள்விட்டம் எவ்வளவு இருக்க வேண்டும், யாருடைய விரலுக்கு என்று கேட்டால் பழைய மாதிரியைக் காட்டுவார்கள்.

பண்டைய இந்திய அறுவை மருத்துவர் சுசுருதர் இதைத் தலைகீழாக யோசித்தவர். அவருடைய நூல் மழுங்கிய கருவிகளான 101 யந்திரங்களையும் வெட்டும் கருவிகளான 20 சஸ்திரங்களையும் வகைப்படுத்துகிறது. யந்திரங்களில் தலையாயது கைதான் என்கிறது. கையில்லாமல் மற்றவை இயங்கா. வெட்டும் கருவிகளின் நற்குணங்களை அடுக்கும்போது அவர் முதலில் வைப்பது பிடிப்பதற்கு வசதியாக இருப்பதை. நல்ல உலோகமும் கூர்மையும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. இந்த வரிசையை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

இனி கைக்கு வருவோம். விரல்களை மடக்கும் வலிமை விரல்களில் இல்லை. அந்தத் தசைகள் முன்கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே இருக்கின்றன. அங்கிருந்து நீண்ட தசைநாண்கள் கிளம்பி, மணிக்கட்டில் ஒரு குறுகிய சுரங்கத்தின் வழியே விரல்களுக்குப் போகின்றன. மணிக்கட்டுச் சுரங்கம் எனப்படும் அந்த இடுக்கில் ஒன்பது தசைநாண்களும், பெருவிரல் பக்கத்து விரல்களுக்கு உணர்வு தரும் நடுநரம்பும் நெருங்கிப் படுத்திருக்கின்றன.

இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். மணிக்கட்டை நேராக, அல்லது சற்றே பின்னால் சாய்த்து வைத்துக்கொண்டு முஷ்டியை இறுக்குங்கள். நன்றாக இறுகும். இனி மணிக்கட்டை உள்பக்கமாக முழுவதும் மடக்கிக்கொண்டு அதே முஷ்டியை இறுக்க முயலுங்கள். விரல்கள் பாதியில் நின்றுவிடும், வலுவும் போய்விடும். மணிக்கட்டு மடங்கியதும் உள்பக்கத் தசைகள் ஏற்கனவே குறுகிவிட்டன. இன்னும் குறுக அவற்றுக்கு இடமில்லை. வெளிப்பக்கத் தசைநாண்களோ இழுபட்டு விரல்களைத் திறக்கப் பார்க்கின்றன. ஒரு கைப்பிடி மணிக்கட்டை மடக்கவைத்தால், அந்த நிமிடமே அது பிடிப்பவரின் வலுவில் ஒரு பகுதியைப் பறித்துவிடுகிறது. மீதி வலுவை வைத்து அதே வேலையைச் செய்ய, தசை கூடுதலாக உழைக்க வேண்டும்.

பிடிகளிலும் வகை உண்டு. 1956இல் ஜான் நேப்பியர் என்ற ஆங்கில உடற்கூற்றறிஞர் மனிதக் கையின் பிடிகளை இரண்டாகப் பிரித்தார். பொருளை உள்ளங்கையோடு சேர்த்து விரல்களால் இறுக்குவது ஒன்று. சுத்தியல் பிடிப்பது அப்படி. இதை வலுப்பிடி எனலாம். விரல்நுனிகளுக்கும் பெருவிரலுக்கும் இடையே பொருளை நிறுத்துவது மற்றொன்று. எழுதுகோல் பிடிப்பது அப்படி, இது நுண்பிடி. எந்தப் பிடி என்பதைப் பொருளின் வடிவம் மட்டும் தீர்மானிப்பதில்லை, செய்யப்போகும் வேலையே தீர்மானிக்கிறது என்பது அவர் கண்டது. ஒரே ஸ்கால்பெலை வயிற்றில் நீண்ட கீறல் போட மருத்துவர் வயலின் வில்லைப் போலப் பிடிக்கிறார். சிறிய இடத்தில் நுணுக்கமாகப் பிரிக்க எழுதுகோலைப் போலப் பிடிக்கிறார். கைப்பிடி இரண்டுக்கும் இடம் கொடுக்க வேண்டும்.

கண் அறுவைக் கருவிகளின் கைப்பிடி பல சமயம் உருண்டையாக இருப்பதற்கும் இதுவே காரணம். வளைந்த ஊசியைத் திசுவுக்குள் திருப்பிச் செலுத்தத் தட்டையான கைப்பிடி என்றால் மணிக்கட்டையே சுழற்ற வேண்டும். உருண்டை என்றால் விரல்நுனிகளுக்கிடையே உருட்டினாலே போதும், மணிக்கட்டு அசையாமல் ஓரிடத்தில் சாய்ந்திருக்கலாம். எல்லோருடைய கையிலும் நொடிக்குச் சுமார் 8 முதல் 12 முறை ஒரு நுண்ணிய நடுக்கம் ஓடிக்கொண்டே இருக்கிறது. நோயில்லாத கையிலும் உண்டு. கை எங்காவது ஊன்றியிருந்தால் அது வெகுவாக அடங்கும். மைக்ராஸ்கோப்பின் கீழ் வேலை செய்பவருக்கு இந்த ஊன்றல்தான் உயிர்.

இவ்வளவு தெரிந்தும் கைப்பிடி ஏன் பின்தங்கியது? இதில் ஒரு வரலாற்றுத் திருப்பம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐரோப்பிய அறுவைக் கத்திகளுக்குக் கருங்காலியிலும் தந்தத்திலும் கைப்பிடி போட்டார்கள். கைக்கு அடக்கமாக, நடுவில் பருத்து, சொரசொரப்பாகக் கோடு செதுக்கிய பிடிகள். 1867இல் ஜோசஃப் லிஸ்டர் கிருமிக்கொல்லி முறையை வெளியிட்டார். 1880களில் பெர்லினில் நீராவியால் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் வழக்கம் வந்தது. மரமும் தந்தமும் அந்தச் சூட்டைத் தாங்கவில்லை; செதுக்கிய கோடுகளுக்குள் அழுக்கு தங்கியது. ஆகவே கருவி முழுவதும் உலோகமானது, வழுவழுப்பானது, மெலிந்தது. நோயாளிகளின் உயிரைக் காத்த மாபெரும் மாற்றம் அது. அதைப் பற்றி எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஆனால் கைப்பிடி இழந்த வசதியைத் திருப்பிக் கொடுக்கும் வேலையை நெடுங்காலம் யாரும் பெரிய அக்கறையோடு எடுத்துச் செய்யவில்லை. 121 டிகிரி, 134 டிகிரி நீராவியைத் தாங்கும் சிலிக்கோன் போன்ற பொருள்கள் இன்று இருக்கின்றன. சாக்குச் சொல்ல இடமில்லை.

வலி எப்படி வருகிறது என்பதற்கு வேலூரே பாடம் சொல்லும். 1946இல் அங்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளில் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி விரல்களைத் திறக்கவைத்தவர். அந்த நோயாளிகளின் விரல்கள் தேய்ந்து அழிவதற்கு நோய் நேரடிக் காரணமல்ல, உணர்வு போன கை தனக்கு நேரும் காயத்தை அறியாததுதான் காரணம் என்பதைக் காட்டினார். சாவியைத் திருகுவது, கருவியின் கைப்பிடியை இறுக்குவது போன்ற எளிய வேலைகளே தோலைக் கிழித்தன. விசை எவ்வளவு என்பது மட்டும் கேள்வியல்ல, அது எவ்வளவு பரப்பில் விழுகிறது, எத்தனை முறை திரும்ப விழுகிறது என்பதே கேள்வி. ஒரே விசை அகன்ற பிடியில் பரவினால் தொல்லையில்லை. மெல்லிய விளிம்பில் குவிந்தால் திசு நசுங்கும். மிதமான அழுத்தம்கூட ஆயிரக்கணக்கான முறை ஒரே இடத்தில் விழுந்தால் அந்த இடம் கொதித்துப் புண்ணாகும்.

அறுவைக் கருவியின் வளையம் மெல்லிய விளிம்பு. பெருவிரலின் இரு பக்கமும் உணர்வு நரம்புகள் தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகின்றன. வளையத்துக்குள் விரலை மூட்டுவரை நுழைத்தால் விளிம்பு அந்த நரம்பின்மேல் உட்காரும். வளையத்தில் விரல்நுனியை மட்டும் வைத்து, ஆள்காட்டி விரலைத் தண்டின்மேல் நீட்டிப் பிடிக்கச் சொல்லி ஆசிரியர்கள் மாணவர்களைத் திருத்துவது அதனால்தான். நுனிக்கு நிலைப்பும் கிடைக்கிறது, நரம்பும் தப்பிக்கிறது.

திறந்த அறுவையில் இப்படிச் சமாளித்துவிடலாம். நுண்துளை அறுவை, அதாவது லேப்ராஸ்கோப்பி, வந்ததும் கணக்கு மாறியது. 1985இல் ஜெர்மனியில் எரிக் மியூஹே இந்த முறையில் பித்தப்பையை அகற்றினார். இந்தியாவில் 1990இல் மும்பையில் டெஹெம்டன் உட்வாடியா அதைச் செய்தார். பின்னர் கோவையில் பழனிவேலு போன்றவர்கள் தமிழ்நாட்டில் இதை வளர்த்தெடுத்தார்கள். நோயாளிக்குச் சிறு துளைகள், குறைந்த வலி, சீக்கிரம் வீடு திரும்புதல். மருத்துவர் கையில் மட்டும் ஒரு அடிக்கும் கூடுதலான நீளத்தில், சில மில்லிமீட்டர் பருமனில் ஒரு குழாய்க் கருவி.

வயிற்றுச் சுவரின் துளை அந்தக் கருவிக்குச் சுழல்மையமாகிவிடுகிறது. ஊறுகாய் ஜாடியின் வாய் விளிம்பில் நீண்ட கரண்டியைச் சாய்த்து அடியில் கிடக்கும் ஒரு துண்டைத் தேடிப் பாருங்கள்: கை இடப்பக்கம் போனால் கரண்டியின் தலை வலப்பக்கம் போகும். கையை உயர்த்தினால் அது தாழும். மருத்துவர் இந்தத் தலைகீழ் உலகத்தில், திரையைப் பார்த்தபடி, மணிக்கணக்கில் வேலை செய்கிறார். துளை இடம்கொடுக்காததால் மணிக்கட்டை வசதியான கோணத்தில் வைக்கவும் முடிவதில்லை; தோளை உயர்த்தி முழங்கையை விரித்துக்கொள்கிறார். கைப்பிடியை அழுத்தும் விசை உள்ளே ஓடும் கம்பி வழியாகவும் சிறு மூட்டுகள் வழியாகவும் நுனிக்குப் போவதற்குள் உரசலில் நிறைய கரைந்துவிடுகிறது. ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் கையின் விசையைப் பெருக்கித் தரும் நெம்புகோல். இதுவோ குறைத்துத் தரும் நெம்புகோல். அதே திசுவை அதே அளவு கவ்வ, கை பல மடங்கு இறுக்க வேண்டும். பெருவிரல் மரத்துப்போகும் மருத்துவர்களைப் பற்றி 1990களிலேயே மருத்துவ இதழ்களில் குறிப்புகள் வரத் தொடங்கிவிட்டன.

இதையெல்லாம் எப்படி அளந்தார்கள்? முன்கைத் தோலின்மேல் சிறு மின்வாய்களை ஒட்டுவார்கள். தசை சுருங்கும்போது எழும் நுண்ணிய மின்சாரத்தை அவை பதிவுசெய்யும். இது தசை மின்பதிவு. முதலில் அந்த நபர் தன் முழு பலத்தோடு இறுக்கும்போது வரும் அளவைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு ஒரே வேலையை, ஒரே ஆளை, இரண்டு வெவ்வேறு கைப்பிடிகளால் செய்யவைத்து, ஒவ்வொன்றிலும் முழு பலத்தில் எத்தனை பங்கு செலவானது என்று ஒப்பிடுவார்கள். கைப்பிடியில் அழுத்த உணரிகளைப் பதித்து எந்த விரலின் எந்த இடத்தில் சுமை குவிகிறது என்று வரைபடமும் எடுப்பார்கள். மூட்டுகளின் கோணத்தைக் கேமராக்கள் கணக்கிடும். ‘இது வசதியாக இருக்கிறது’ என்ற வாய்ச்சொல்லை மட்டும் நம்ப வேண்டியதில்லை. பழகிப்போன மோசமான கைப்பிடிகூட வசதியாகத்தான் தோன்றும். தசையின் மின்சாரம் அப்படிப் பழகிக்கொள்வதில்லை.

கேட்டறிந்த ஆய்வுகளும் உண்டு. 2004இல் ரேமன் பெர்கர், ஆலன் ஹிரெல்யாக் இருவரும் 726 லேப்ராஸ்கோப்பி மருத்துவர்களிடம் விசாரித்தார்கள். கையுறை அளவு 6.5 அல்லது அதற்குக் கீழே உள்ளவர்களுக்குக் கருவிகளைக் கையாள்வது தெளிவாகவே கூடுதல் சிரமமாக இருந்தது. 2010இல் ஏட்ரியன் பார்க் குழுவினர் 317 மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வில் ஏறத்தாழ 87 சதவீதத்தினர் உடல் வலியோ அசௌகரியமோ இருப்பதாகச் சொன்னார்கள். இத்தகைய கேள்வித்தாள்களுக்கு வலி உள்ளவர்களே அதிகம் பதில் அனுப்புவார்கள் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். அதைக் கழித்துப் பார்த்தாலும் எண்ணிக்கை சிறியதல்ல.

கையுறை அளவு விவகாரம் நமக்கு மிக நெருக்கமானது. உள்ளங்கையின் சுற்றளவை அங்குலத்தில் சொல்வதுதான் கையுறை எண். கையுறை 6இலிருந்து 8.5வரை அரை அரையாக ஏறிக் கிடைக்கிறது. அந்தக் கையுறை பிடிக்கும் கருவியோ பெரும்பாலும் ஒரே அளவில் வருகிறது. கைப்பிடி அதிகமாக விரிந்தால் சிறிய கையின் பெருவிரல் எல்லைவரை நீள வேண்டும். அந்த நீட்டிய நிலையில் அதற்கு வலு மிகக் குறைவு. நம் மருத்துவக் கல்லூரிகளில் இன்று ஏறத்தாழ பாதிப் பேர் பெண்கள். அறுவைத் துறையைத் தேர்ந்தெடுக்கும் இளம் மருத்துவர் ஒருவருக்குப் பயிற்சியின்போது கை வலித்தால், தனக்குத் திறமை போதவில்லை என்றுதான் முதலில் நினைப்பார். கருவியின் அளவு தப்பு என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

இந்தியக் கைகளின் அளவு தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தேவ்குமார் சக்ரவர்த்தி தொகுத்த இந்திய உடலளவுகளின் நூலை அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இலேயே வெளியிட்டது. கையின் நீளம், அகலம், பிடியின் விட்டம் எல்லாம் ஆண் பெண் வாரியாக அதில் கிடைக்கின்றன. சராசரியைப் பார்த்து ஒரே கருவி செய்வது பயன்படாது. சராசரிக் கை என்று ஒன்று யாரிடமும் இல்லை. சிறிய கைகளுக்கு ஒன்று, பெரிய கைகளுக்கு ஒன்று என்று இரண்டு அளவு செய்தாலே பெரும்பான்மையோர் அடங்கிவிடுவார்கள்.

பாருய்ப்பூரின் பட்டறைகள் இதில்தான் பெரிய ஆலைகளைவிட முந்தலாம். லட்சக்கணக்கில் ஒரே அச்சில் அடித்துத் தள்ளும் ஆலைக்குச் சிறு மாற்றமும் பெருஞ்செலவு. அரத்தால் ராவி முடிக்கும் கைவினைஞருக்கு வளையத்தைச் சற்று அகலமாக்குவதும், விளிம்பை உருட்டுவதும், தண்டின் வளைவை மாற்றுவதும் அன்றாட வேலைக்குள் அடங்கும். வழிமுறையும் எளிதுதான். மருத்துவர் கையில் மென்மையான களிமண் சுற்றிய கருவியைக் கொடுத்துத் தையல் போடச் சொன்னால், எந்த விரல் எங்கே பதிகிறது என்பதைக் களிமண்ணே காட்டிவிடும். அந்தப் பதிவை வைத்துப் பிளாஸ்டிக்கில் மாதிரி அச்சிட்டு, தசை மின்பதிவில் சோதித்து, சரிவந்தால் எஃகுக்குப் போகலாம். ஷிப்பூர் ஆய்வகமும் கொல்கத்தா அறுவை அரங்கும் பாருய்ப்பூர் உலைக்களமும் ஒரே நாளில் போய்வரும் தூரத்தில்தான் இருக்கின்றன. அந்தப் பட்டறைகளில் குனிந்து உட்கார்ந்து நாள் முழுவதும் அரம் இழுப்பவரின் முதுகையும் மணிக்கட்டையும் அதே மின்வாய்களால் அளப்பதும் இந்த வேலையின் பகுதியாக இருக்க வேண்டும். அவர் பிடிக்கும் அரத்துக்கும் கைப்பிடி உண்டு.

மாற்றம் தொடங்க வேண்டிய இடம் மருத்துவமனையின் கொள்முதல் பட்டியல். கருவியின் பெயர், நீளம், எஃகின் ரகம் ஆகியவற்றைக் கேட்கும் அந்தத் தாளில் இன்னும் மூன்று வரிகள் சேர்க்கலாம்: வளையத்தின் உள்விட்டம் எவ்வளவு, கைப்பிடி முழுதாக விரியும்போது இடைவெளி எவ்வளவு, இந்த இரண்டும் எத்தனை அளவுகளில் கிடைக்கும். வாங்கும் முன் 6 எண் கையுறை போடும் ஒருவரும் 8 எண் போடும் ஒருவரும் இடது கைக்காரர் ஒருவரும் அதைப் பிடித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று விதித்தால், பட்டறைகள் மறுமாதமே அளவுகோலை எடுத்துக்கொண்டு அரங்கு வாசலுக்கு வந்துவிடும்.